ஏழு பெட்டி தள்ளி

செடிகொடிகளைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று 1965-இல் ரங்கூன் தாமுவேயில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பதில் இல்லாத ஒரே ஆள், படித்த அந்தப் பெண்தான். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள், "பூக்கட்டுற படிப்பாம்மா அது? அதுக்கு எதுக்கு நாலு வருசம்?" என்று மனதாரக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், "டைப் அடிக்கக் கத்துக்கோயேன்" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் வீட்டிலும் தட்டச்சு யந்திரம் கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயர் செசிலியா. ஜெபதாஸ் குமாஸ்தாவின் ஒரே மகள். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அவளைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூடிக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். ஏழு வயதில் மாதா பீடத்து லில்லிப் பூவை இதழ் இதழாகப் பிரித்துப் பார்த்ததற்காகக் கன்னியாஸ்திரீயிடம் பிரம்படி வாங்கினாள். வலித்ததா என்று அம்மா விக்டோரியா கேட்டதற்கு, "உள்ள ஆறு குச்சி இருக்கும்மா, நடுவுல தனியா ஒண்ணு" என்றாள். அப்படிப்பட்டவள் வேறு எதைப் படித்திருக்க முடியும்?

ஆனால் பட்டம் கைக்கு வந்த நேரம் நல்ல நேரமாக இல்லை. முந்தின வருஷம்தான் அரசாங்கம் கடைகளையும் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டிருந்தது. மிஷன் பள்ளிகளும் கைமாறிக்கொண்டிருந்தன. அங்கே இருந்த ஆசிரியர்களுக்கே நாற்காலி நிச்சயமில்லை. காட்டிலாகாவில் கேட்டபோது, யானை ஏறத் தெரிந்த ஆண்பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்து எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன செய்யத் தெரியும்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"இலையோ விதையோ வேரோ கொடுத்தால் அது எந்தக் குடும்பம் என்று சொல்வேன், சயா."

எழுத்தர் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு 'பயன்படும் திறன்' என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். எதிரே நின்றவள் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டாள். 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே, பேருந்து நிறுத்தத்து மரத்தில் ஒட்டி வளர்ந்திருந்த கொடி என்ன கொடி என்றும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் நிலைமை இதுதான். ஜெபதாஸ் வேலை பார்த்த மரக் கம்பெனி போய்விட்டது. அவரிடம் இருந்தது வெளிநாட்டார் பதிவுப் புத்தகம்; ஐந்து வயதில் கப்பலில் வந்து இறங்கிய மனிதர், ஐம்பத்து நான்கு வயதிலும் வெளிநாட்டார். விக்டோரியாவும் செசிலியாவும் இங்கேயே பிறந்தவர்கள். மூன்றாக மடிக்கும் இளஞ்சிவப்புக் குடியுரிமை அட்டை வைத்திருந்தார்கள். சென்னைக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுக்க அந்த மாதம் முப்பதாம் தேதிதான் கடைசி. பெயர் கொடுத்தால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ரங்கூன் அவர்கள் ஊர் இல்லை.

"வீட்டுல ஒரு சம்பளம் வந்தா இருந்துரலாம்," என்றார் ஜெபதாஸ். "வரலேன்னா மூணு பேரும் கப்பல்தான். அங்க போயி என்ன செய்யப்போறோம்னு எனக்கும் தெரியல. உங்கம்மாவுக்கு அந்த ஊர்ல ஒரு தெருப் பேருகூடத் தெரியாது."

விண்ணப்பத் தாளில் மூன்று பெயர்களையும் தன் அழகான குமாஸ்தாக் கையெழுத்தில் எழுதி, கையெழுத்துப் போடாமல், அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அன்றைக்குத் தேதி பதினைந்து.

பதினாறாம் தேதி ஒரு செய்தி வந்தது. சூரத்தி பஜார் பக்கத்தில், பர்கத்துல்லா என்பவரின் பெரிய நாட்டு மருந்துக் கடையை அரசாங்கம் எடுத்து மக்கள் கடையாக்கியிருந்தது. பர்கத்துல்லா நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். கடையில் முன்னூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் தகரத்தில் ஒட்டிய தமிழ்ப் பெயர். எதில் என்ன இருக்கிறது என்று பர்மியத்தில் பட்டியல் எழுத ஆள் வேண்டும். பத்து நாள் சோதனை. பிறகு ஒருவருக்கு நிரந்தர வேலை. தகுதி என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்கள்: தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும்.

செசிலியா போனபோது அங்கே இன்னொருவனும் உட்கார்ந்திருந்தான். பெயர் ஞானசுந்தரம். அவளுக்கு இரண்டு வருஷம் முன்னால் தத்துவம் படித்துத் தேறியவன். இரண்டு வருஷமாக வேலை தேடுகிறவன். சலவை செய்து விறைத்த சட்டை, இடுப்பில் புது லோஞ்சி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவளைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஊ தான் மவுங் என்ற பர்மியர். பட்டாளத்தில் சாமான் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்தவரைக் கொண்டுவந்து மருந்து வாசனைக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். பாவம், நாள் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒரு பட்டியல். பத்தாவது நாள் பார்க்கிறேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஞானசுந்தரம் சுறுசுறுப்பானவன். தகரத்தைப் பார்ப்பான், எழுதுவான், அடுத்ததுக்கு நகர்வான். ஆனால் அவன் முட்டாள் இல்லை. கீழ் வரிசைகளில் நாற்பது இழுப்பறைகளைத் திறந்தும் பார்த்தான். சுக்கு என்று போட்டிருந்த இடத்தில் சுக்கு இருந்தது. திப்பிலியில் திப்பிலி, வசம்பில் வசம்பு. நாற்பதும் சரியாக இருந்தால் மிச்சத்தை ஏன் திறக்க வேண்டும்? மூன்றாம் நாள் முடிவில் அவன் பட்டியலில் இருநூறு பெயர் ஏறிவிட்டது.

செசிலியாவின் பட்டியலில் இருபத்தாறு. அவளுக்குத் திறக்காமல் எழுத வராது. திறந்தால் முகர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. முகர்ந்தால் சவரத் தகட்டை எடுத்து நறுக்கி, கழுத்தில் கயிற்றில் தொங்கிய சின்ன லென்சை வைத்து உள்ளே பார்த்தாக வேண்டும். மருந்துகளின் தமிழ்ப் பெயர்களும் அவளுக்கு அதிகம் தெரியாது. அவளுடைய தமிழ் ஜெபப் புத்தகத் தமிழ். அதனால் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், தடித்த தாவர நூல் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் இருந்த தமிழ்ப் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"மா செசிலி, அந்தக் கண்ணாடிய வெச்சுப் பாத்தா மிளகு வேற ஏதாவதா மாறிருமா?" என்று, பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் 'மா' போட்டுக் கேலி செய்தான் ஞானசுந்தரம்.

"மாறாது, கோ ஞானம். ஆனா பாக்கறதுக்கு நல்லாருக்கு. நீங்களும் பாருங்களேன்."

அவன் பார்க்கவில்லை. அவனுக்கு வேலை இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் ஏணி போட்டு மேல் வரிசைகளுக்கு ஏறினாள். மஞ்சிட்டி என்று போட்ட இழுப்பறையைத் திறந்தாள். மஞ்சிட்டி ஒரு கொடியின் தண்டு, சிவப்புச் சாயம் தருவது என்று நோட்டு சொன்னது. உள்ளேயோ மிளகு போலச் சின்னச் சின்ன உருண்டைக் காய்கள் கிடந்தன. தண்டு எங்கே, காய் எங்கே? யாரோ கை மாற்றிக் கொட்டிவிட்டார்கள் போலும் என்று அடுத்ததைத் திறந்தாள். கார்போகரிசி என்ற விதை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வேர் இருந்தது. அதற்கடுத்ததும் தப்பு. பதினோரு இழுப்பறை திறந்தாள், பதினொன்றும் தப்பு. பயப்பட வேண்டிய இடம் அது. அவளுக்கோ சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை தப்பைச் சும்மா கைதவறி யாராலும் செய்ய முடியாது!

ஏணியில் உட்கார்ந்தபடியே அவள் கீழே பார்த்தாள். ஞானசுந்தரம் தன் பட்டியலிலிருந்து அறுபது மருந்துகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அந்த அறுபதும் மிங்கலாடோன் கிளைக் கடைக்கு லாரியில் போகின்றன. அதில் பாதி மேல் வரிசைச் சரக்கு.

இந்த இடத்தில் அவள் மனதில் ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பத்தாம் நாள் அவன் பட்டியல் நாறிப்போகும், வேலை அவளுக்கு, அப்பாவின் தாள் கிழிபடும். லாரி போனால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் இடறியது. வயிற்று வலிக்கு மருந்து கேட்டு வருகிற மிங்கலாடோன்காரி எதைக் குடிப்பாள்? அவள் ஏணியை விட்டு இறங்கினாள். ஊ தான் மவுங்கிடம் போகவில்லை. நேராக ஞானசுந்தரத்திடம் போனாள்.

"கோ ஞானம், மேல உள்ள பேரெல்லாம் தப்பு."

"அதெப்படித் தப்பாகும்? கீழ நாப்பது பாத்தேன்."

"கீழ சரிதான். மேல வந்து பாருங்க."

அவன் ஏறிப் பார்த்தான். இறங்கியபோது முகம் வெளிறிப்போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான். "ரெண்டு வருசமா தத்துவம் சொல்லிக்குடுத்த சயா இதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு," என்றான். "நாப்பது அன்னம் வெள்ளையா இருந்தா நாப்பத்தொண்ணாவதும் வெள்ளைன்னு சொல்லாதேன்னாரு. பரிச்சையில எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்."

செசிலியா சிரித்துவிட்டாள். அவனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். லாரிக்கான பட்டியலில் மேல் வரிசைச் சரக்குகளையெல்லாம் அவனே தன் கையால் அடித்தான். பிறகு அவள் நோட்டை வாங்கி, அவள் கண்டுபிடித்த பதினொன்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினான். கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லப்பயே என்ற பால் தேநீர் வாங்கி வைத்தது ஆறி ஏடு படிந்தது. ஒரு மணி நேரம் கழித்து மேசையில் தட்டினான்.

"ஏழு பெட்டி தள்ளி!"

விஷயம் இதுதான். மஞ்சிட்டி என்ற பெட்டியில் இருந்த உருண்டைக் காய் வாய்விடங்கம். வாய்விடங்கம் என்ற தகரமோ வலது பக்கம் ஏழாவது பெட்டியில் இருந்தது. எல்லாமே அப்படித்தான். மேல் ஐந்து வரிசையிலும், உள்ளே இருப்பதன் பெயர் ஏழு பெட்டி தள்ளி ஒட்டியிருந்தது. வேலைக்கு வருகிற ஆட்கள் சரக்கைப் பழகிக்கொண்டு எதிர்த்த தெருவில் சொந்தக் கடை போட்டுவிடக் கூடாது என்று பர்கத்துல்லா செய்த ஏற்பாடு. வாடிக்கைக்காரர்கள் கண்ணில் படும் கீழ் வரிசைகளில் மட்டும் உண்மை. விலை உயர்ந்த மேல் வரிசைகளில் கணக்கு அவர் தலைக்குள். அந்தத் தலை இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறது.

செசிலியாவுக்கு அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே வியப்பு. வியந்து முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. விதி கிடைத்துவிட்டது. இனி ஞானசுந்தரம் எதையும் திறக்க வேண்டாம். தகரங்களை ஏழு தள்ளி எழுதினால் இரண்டே நாளில் முன்னூற்றுப் பன்னிரண்டும் முடியும். அவளுடையது இன்னும் ஐம்பதைத் தாண்டவில்லை. தன் வாயால் சொல்லித் தன் வேலையைத் தானே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டில் அந்தோணியார் படத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் விக்டோரியா.

"ஒண்ணும் இல்லம்மா. இன்னும் இருநூத்தம்பதுக்கு மேல பெட்டி இருக்கு, பாக்காம."

"வேலை கிடைக்குமா கிடைக்காதா?"

"தெரியல. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டாவது வர்றேன்."

ஞானசுந்தரம் எட்டாம் நாளே பட்டியலை முடித்துவிட்டான். அவள் மட்டும் ஏணியில் இருந்தாள். பத்தாம் நாள் காலையில் மேல் வரிசை நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தாள். எட்டிக்கொட்டை என்று தகரம் சொன்னது. விதிப்படி அதற்குள் இருக்க வேண்டியது தேற்றான்கொட்டை. சேறும் கலங்கலுமான தண்ணீரில் உரசிவிட்டால் தெளிந்துவிடும், அந்தக் கொட்டை. எட்டி விஷம். இரண்டும் ஒரே இனம். அக்காள் தங்கை மாதிரி. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த ரங்கூன்காரர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அவள் ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்து லென்சில் பார்த்தாள். சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக இருந்தது. மேலெல்லாம் பட்டு மாதிரிப் பளபளக்கும் மயிர், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிந்திருந்தது. தேற்றான் இப்படித் தட்டையாக இருக்காது, சிறுத்து உருண்டிருக்கும். இது எட்டியேதான். தகரத்தில் இருந்த பெயர்தான் உள்ளேயும் இருந்தது.

பக்கத்துப் பெட்டி நேர்வாளம், உள்ளே நேர்வாளம். அடுத்தது சேராங்கொட்டை, உள்ளே சேராங்கொட்டை. ஆறு பெட்டிகள், ஆறும் விஷச் சரக்கு, ஆறிலும் பெயர் உண்மை. பர்கத்துல்லா கடைப் பையன்களுக்குப் பயந்து முழு வரிசையையும் மாற்றியிருக்கிறார். இந்த ஆறு பெட்டிக்கு வந்ததும் கடவுளுக்குப் பயந்திருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் யாராவது அவசரத்துக்குத் திறந்துவிட்டால்? தன் கடையில் ஓர் உயிர் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதரை அவளுக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது.

ஊ தான் மவுங் மேசையில் இரண்டு பட்டியல்களும் இருந்தன. ஒன்று முழுசு, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலி. அவர் முழுசானதன் மேல் கையை வைத்திருந்தார். செசிலியா, தேடி எடுத்த தேற்றானும் எட்டியுமாக இரண்டு கொட்டைகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"சயா, இது தண்ணீரைத் தெளிய வைக்கும். இது ஆளை முடிக்கும். அந்தப் பட்டியலில் ஆளை முடிப்பதற்குத் தண்ணீர்க் கொட்டையின் பெயர் இருக்கிறது."

ஊ தான் மவுங் கொட்டைகளைப் பார்த்தார். பிறகு தன் லப்பயே கோப்பையை மெதுவாக மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். "நீ என்ன சொல்கிறாய்?" என்று ஞானசுந்தரத்தைக் கேட்டார்.

அவன் செசிலியாவின் லென்சை வாங்கிப் பார்த்தான். பத்து நாளில் முதல் தடவையாக. நிறைய நேரம் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் ஒரு தாள் செருகியிருந்திருக்கும். யார் வீட்டில்தான் அப்போது இல்லை? "மா செசிலி சொல்வது சரி, சயா," என்றான். "விதி என்னுடையது. விதியைத் திறந்து பார்த்தது அவர்."

ஊ தான் மவுங் ஒரு பெரிய தும்மல் போட்டார். சாமான் கிடங்கு பார்த்த மனிதருக்கு, வெளியே ஒரு பெயரும் உள்ளே வேறு சாமானும் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நியமனத் தாளை எடுத்தார். ஞானசுந்தரத்தையும் அப்படியே விட்டுவிடவில்லை. பக்கத்துத் தெருவில் எடுத்துக்கொண்ட துணிக்கடைகளில் விலைச் சீட்டெல்லாம் யாருக்கும் விளங்காத குறிகளாக இருக்கின்றன, நாளைக்கு அங்கே போய் உன் ஏழு பெட்டி வித்தையைக் காட்டு என்று சீட்டுக் கொடுத்தார். மூன்று மாத வேலைதான். ஞானசுந்தரம் அதை இரண்டு பேனா இருந்த பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

செசிலியாவின் தாளில் பெயர், முகவரி, அட்டை எண் எல்லாம் எழுதியாயிற்று. 'பயன்படும் திறன்' என்ற கட்டம் வந்தது. பேனா நின்றது. அவள் தலைகீழாகப் படித்தாள். 'தமிழ் வாசிப்பார்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், வெளியே எந்தப் பெயர் ஒட்டியிருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

தாமுவேயில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது வெயில் சாயவில்லை. ஜெபதாஸ் அந்தோணியார் படத்துக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்து மேசையில் விரித்து, பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். விக்டோரியா இரண்டு இளஞ்சிவப்பு அட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். மகள் நியமனத் தாளை அந்த விண்ணப்பத்தின் மேலேயே வைத்தாள். ஜெபதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குமாஸ்தாக்கள் படிக்கிற மாதிரி, முத்திரையிலிருந்து மேல் நோக்கிப் படித்தார்.

"தமிழ் வாசிப்பாரா?" என்றார். "அம்மாடி, இதுக்கா நாலு வருசம் செடி படிச்சே?"

"ஆமாப்பா," என்றாள் செசிலியா.

அவர் பேனாவை மூடி வைத்தார். விக்டோரியா அட்டைகளை எடுத்து, மூன்றாக மடித்து, முன்பு இருந்த பெட்டியிலேயே வைத்துப் பூட்டினாள்.